படத்தில் விழாதது

வால்பரைசோவில் எல்லாரும் ஏறுகிறவர்கள்,
இல்லையென்றால் இறங்குகிறவர்கள்.
நான் மட்டும் அவர்களைப் படுத்த நிலையில் பார்க்கிறேன்.

சாவி, மோதிரம், பல் செட்,
சிலுவை கோத்த சங்கிலி
எல்லாம் ஒரு நீலத் தட்டில்.
"அசையாதீர்கள்" என்பேன் மைக்கில்.
இருபது நிமிடம் அந்த எந்திரம்
பக்கத்து வீட்டில் சுவர் இடிப்பதுபோல் இடிக்கும்.
பிறகு என் திரையில்
கறுப்பு வெள்ளையாய் ஒரு முள்.
காலையில் துறைமுகத்துப் பூனை
நக்கிவிட்டுப் போனதே,
கிட்டத்தட்ட அதுதான்.

செவ்வாய்க்கிழமை நொல்பெர்த்தோ வந்தார்.
எனக்கு அவரைத் தெரியும்.
எங்கள் வீட்டுக்கு வண்டி ஏறாது.
நூற்று அறுபத்திரண்டு படி.
பதினைந்து கிலோ வாயு, அதே எடைக்கு இரும்பு,
வலது தோள், முப்பத்தோரு வருடம்.
கீழே நின்று கம்பியால் சிலிண்டரைத் தட்டுவார்:
டக். டடக். டக்.
குன்று முழுக்க ஜன்னல்கள் திறக்கும்.

அவர் படத்தில்
நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே ஜவ்வு
அழுத்திக் கடித்த எம்பனாதாவிலிருந்து
வெங்காயம் வழிவதுபோல் பிதுங்கி
நரம்பின் மேல் சாய்ந்து கிடந்தது.
இறங்கினார். குனிந்தார். பூட்ஸ் கயிறு கட்டினார்.
"இடது கால் கொஞ்சம் மரக்கும்.
வேறொன்றுமில்லை."
முதலாளி அனுப்பினாராம், காப்பீட்டுக்காக.

அவருக்கு அடுத்து ஹெர்மினியா ஓயார்சுன்.
வங்கியில் காசாளர்.
அவள் கோட்டைக் கழற்ற
நானும் இன்னொரு நர்ஸும் வேண்டியிருந்தது.
மூன்று டாக்டர், இரண்டு ஊசி, ஒரு பெல்ட்,
விட்டுப்போன ஒரு கணவன்.
அவள் முதுகு, பாடப்புத்தகம்.
எண்ணி அடுக்கிய நாணயங்கள் மாதிரி
எதுவும் இம்மி நகரவில்லை.

"தெரிகிறதா?" என்றாள் கண்ணாடி வழியாக.

சொல்ல எனக்கு அதிகாரமில்லை.
வியாழக்கிழமை அறிக்கை வரும், டாக்டர் பேசுவார்.
அவள் கேட்டது அறிக்கையை அல்ல,
ஒரு சாட்சியை.
மண்டியிட்டுக் காலணியை மாட்டிவிட்டேன்.
எழும்போது என் இடுப்பில்
யாரோ ஒரு கத்தியைத்
திருப்பி வைத்தார்கள்.

இரவுப் பணி உலிசெஸ் சொல்லிக்கொண்டே இருக்கிறான்:
"படு ஒரு நாள். காசு வேண்டாம், பார்த்துவிடலாம்."
படுக்க மாட்டேன்.
அதில் ஏதாவது இருந்தால் நோயாளி.
ஒன்றுமில்லை என்றால்
பதினோரு வருடமாய் நடிக்கிறேன்.

சனிக்கிழமை கீழே டக், டடக், டக்.
பணத்தோடு இறங்கினேன்.
அறுபதாம் படியில் ஹெர்மினியா உட்கார்ந்திருந்தாள்.
நம் தெருக்காரிதான்,
நான் அவளைச் செங்குத்தாகப் பார்த்ததே இல்லை.

அறிக்கையில் ஒன்றுமில்லையாம்.
ஒன்றுமில்லாததற்கு மருந்து, நடை.
தினம் நான்கு படி கூட்டச் சொன்னாளாம்
பிசியோதெரபிப் பெண்.
"இன்றைக்கு இதுவரை" என்றாள்,
தண்ணீர் வற்றியதைக் காட்டும் கோடுபோல
விரலால் படியைத் தொட்டு.

பக்கத்தில் உட்கார்ந்தேன். கல் ஈரம்.
"எனக்கும் இந்த இடத்தில்தான்" என்றேன்.
யாரிடமும் சொன்னதில்லை.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
கடலைப் பார்த்தபடி
உள்ளங்கையைச் சரியாக அங்கே வைத்தாள்,
தேடாமல்.
கப்பல் ஒன்று கொள்கலன் இறக்கிக்கொண்டிருந்தது.
கை சூடாயிருந்தது. வலி அப்படியேதான் இருந்தது.

"வழி, பெண்களே, வழி!"
தோளில் சிலிண்டர். நொல்பெர்த்தோ.
சுவரோடு ஒதுங்கினோம்.
அவர் எங்களைக் கடந்து ஏறினார், சீழ்க்கையோடு.

வலது பூட்ஸ் சுத்தமாக விழுந்தது.
இடது, படியின் விளிம்பை உரசி
அரைத் தட்டு தாமதமாக.
டக். சர்ர்.
டக். சர்ர்.

"திங்கட்கிழமையே டாக்டரைப் பாருங்கள்!" என்று கத்தினேன்.
அறிக்கையெல்லாம் எனக்கு நினைவில்லை.
மேலிருந்து கேட்டார்:
"சிலிண்டரை எங்கே வைக்க?
பழைய இடத்திலா?"