பொருந்துவனவற்றைக் குறிக்கவும்

இருபத்து மூன்று நாடுகள், ஒரே படிவம்.
கடைசிப் பத்தியில் 'விருந்தினர்' என்று
எங்களைச் சேர்த்திருந்தார்கள்.
ஒறம்பரைக்கு இலை போட்டாச்சு என்றேன்,
திரையில் இருந்த ஒருவருக்கும் புரியவில்லை.

லியூப்லியானாவில் காலை பத்து மணி,
வெள்ளகோவிலில் பகல் ஒன்றரை.
என் அறைக்குக் கீழே பன்னிரண்டு விசைத்தறி.
"உங்கள் பக்கம் பெருமழையோ?" என்றாள்
போர்த்துகல்லிலிருந்து ஒருத்தி.
மழையில்லை, போர்வை என்றேன்.
என் ஒலியை அடைத்துவிட்டு அவர்களைக் கேட்டேன்:
பங்கேற்பு விகிதம், ஒப்பிடத்தக்க தரவு,
எல்லை கடந்த பண்பாட்டு ஒத்துழைப்பு.
கஞ்சி போட்ட வேட்டி மாதிரி
மடித்த மடிப்பிலேயே நின்றன சொற்கள்.

கேள்வி ஒன்பது:
கடந்த பன்னிரண்டு மாதங்களில்
கலை நிகழ்வு எதிலாவது கலந்துகொண்டீர்களா?
பார்வையாளராகவா, கலைஞராகவா?

இதைத் தூக்கிக்கொண்டு
வேலாங்காட்டுவலசில் மூன்று மாலை நின்றேன்.
கோயில் மைதானத்தில் கும்மிப் பயிற்சி,
வட்டத்தில் நூற்றுப் பத்துப் பேர்.
பார்வையாளர் என்றால் இரண்டு நாய்,
தேங்காய் லாரியை நிறுத்திய டிரைவர் ஒருவர்.
மூன்றாம் பாட்டுக்கு அவரும் செருப்பைக் கழற்றினார்.

சொல்லிக்கொடுப்பவள் செல்லாத்தாள்,
பகலில் இன்சூரன்ஸ் முகவர்.
"இடது காலுங்க்கா, இடது, அட இடதுங்கறேன்!"
மைக்கைக் கைமாற்றிக்கொண்டே என்னிடம் சொன்னாள்:
"ஊரே வருதுங்க."
'ஊரே' என்று குறித்துக்கொண்டேன்.
படிவத்தில் அது நூறு விழுக்காடாயிற்று.

சிவப்புக் கோடு போட்டுத் திரும்பி வந்தது:
நூறு விழுக்காடு எந்த நாட்டிலும் இல்லை.
சரிபார்க்கவும்.

சரிபார்க்கப் போனேன்.
வாய்க்கால் பாலம் தாண்டி நாற்பத்தொரு வீடு.
கும்மிப் பாட்டு அங்கே
மைதானத்தைவிடத் தெளிவாகக் கேட்கிறது.
நூல் மில்லுக்கு இரவு ஷிப்டு கிளம்பியவள்
டிபன் தூக்கைச் சுவரில் வைத்துவிட்டு
பதினான்கு பாட்டுக்கும் அடி தப்பாமல்
ஆடிக் காட்டினாள்.
"அங்க போனதில்லீங்களா?"
"கேக்குதுல்லங்க, அது போதும்."
வேன் வந்து நின்றது. படியில் ஏறியவள்
திரும்பிப் பார்த்து,
எம் பேரு வேண்டாமுங்க என்றாள்.
படிவத்தில் இல்லை. இதிலும் இல்லை.

கேள்வி பதினான்கு: பங்கேற்பதில் உள்ள தடைகள்.
பொருந்துவனவற்றைக் குறிக்கவும்.
பணம். தூரம். நேரமின்மை.
தகவல் தெரியாமை. ஆர்வமின்மை.

கட்டணம் கிடையாது.
தூரம் இருநூறு மீட்டர்.
தகவல் தினமும் ஏழு மணிக்கு
ஒலிபெருக்கியிலேயே வந்துவிடுகிறது.

'பிற' என்ற கட்டத்தில் நாற்பது எழுத்துக்கு இடம்.
சாதி. இரண்டே எழுத்து.
மிச்ச முப்பத்தெட்டில் என்னென்னவோ எழுதி
எல்லாவற்றையும் அழித்தேன்.

அடுத்த கூட்டத்தில்
ஸ்லோவாக்கியாவிலிருந்து யோலானா கை தூக்கினாள்.
அவள் ஊரில் ரயில் பாதைக்கு அப்பால் ஒரு குடியிருப்பு.
அவர்கள் வயலின் இல்லாமல் அங்கே கல்யாணமில்லை.
வாசித்து முடித்ததும் சமையலறை வழியாக வெளியேற வேண்டும்.
"ஏழு வருடமாக அவர்களுக்கு நான்
ஆர்வமின்மை என்றே குறித்து வந்திருக்கிறேன்"
என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.
நான் வாயைத் திறந்தேன்.
அப்போதா கரண்ட் போக வேண்டும்!
பன்னிரண்டு தறியும் நின்றன, திரையும் போனது.
இருபத்து மூன்று நாடுகளும்
என்ன பேசினவோ தெரியாது.

கூட்டக் குறிப்பு மட்டும் வந்தது:
கேள்வி 14 விவாதிக்கப்பட்டது.
துணைக்குழு அமைக்கப்படும்.
உறுப்பினர் இருவர். ஒன்று அவள் பெயர்,
இன்னொன்றில் என் தலையெழுத்துத் தப்பாக இருந்தது.

சனிக்கிழமை பயிற்சியின் இடைவேளையில்
தண்ணீர் குடித்துக்கொண்டே
செல்லாத்தாள் கேட்டாள்:
"நம்ம கும்மி ஐரோப்பா போயிருச்சுங்களா?"
"போயிருச்சு."
"என்ன சொன்னாங்க?"
"யாரு வரலைன்னு கேட்டாங்க."

அவள் பதில் சொல்லவில்லை.
வட்டத்தில் யாரும் வளையலைக்கூட அசைக்கவில்லை.
அவள் இடது கையில் இருந்த மைக்
அணையாமலே இருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை.
என் பேச்சும், அதற்குப் பிந்திய அந்த நேரமும்
வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்
தெளிவாகக் கேட்டிருக்கும்.