பால் விகுதி

தெலுக் பஹாங் ஆய்வுக்கூடம். குழாயில் இன்றும் நீரில்லை.
புட்டிக்குள் ஓடில்லாக் கடல்நத்தை:
பிடித்த அன்று ஊதா,
சாராயத்தில் இப்போது வெந்த வெங்காயம்.

நாக்கின் பல்வரிசைகளை இருமுறை எண்ணினேன்.
ஐயமில்லை, பேரினம் வேறு.
புதிய பேரினம் லத்தீனில் பெண்பால்;
ஆகவே சிற்றினப் பெயரின் வாலையும்
வெட்டி ஒட்டவேண்டும். விதி.

படகு தந்த நெய்னா முகம்மது
ஐஸ் பெட்டியைத் திரும்ப வாங்க வந்தவர்
எட்டிப் பார்த்தார்.
"ஆணா, பொண்ணா?"
"ரெண்டும். ஒரே உடம்புல."
"அப்ப 'அது'ன்னு எழுதிட்டுப் போங்களேன்,
நம்ம மொழியில இடம் இருக்கே."

எழுத முடியாது.
விகுதியை மாற்றினேன், பென்சிலால்;
மை சாராயத்தில் கரையும்.
இனங்கண்டவர்: தவமலர்.
அடையாள அட்டையிலுள்ள 'இன்னார் மகள்'
விரல்நீளச் சீட்டில் கொள்ளவில்லை.