வழிகுழாய்

சுவரிலிருந்து ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும்
வெள்ளை பிளாஸ்டிக் குழாய்
மூன்று நாளாகச் சொட்டுகிறது.
கீழே கருங்கல்லில் நாக்கு நாக்காகப் பாசி.
எதிர்வீட்டுக்காரி ஃபோன் செய்துதான் வந்தாள்
பிளம்பர் டெஸ்ஸா ஹார்ட்காசில்,
கால்டர் பள்ளத்தாக்கின் மேட்டுத்தெருவுக்கு,
நவம்பர் பிற்பகலில்,
வேனை ஏற்றத்தில் நிறுத்திச்
சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுத்து.

அந்த ஊரில்
குழாய்க்கும் பெயர் ஓவர்ஃப்ளோ,
அதன் வழியே வழிவதற்கும் பெயர் ஓவர்ஃப்ளோ.
திருட்டுக்கும் காவலுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு
குழப்பமில்லாமல் தேநீர் குடிக்கிறார்கள்.
நாம்தான்
பால் பொங்கும், ஏரி மறுகால் போகும்,
கண் ததும்பும், ததும்பியது விளிம்பு தாண்டினால்
வேறு சொல் என்று
பாகம் பிரித்து வைத்திருக்கிறோம்.

"டேங்க் ஓவர்ஃப்ளோன்" என்றாள்
பரணுக்குள் தலையை விட்டபடி.
"ஓவர்ஃப்ளோட்" என்றார் எட்வின் சக்டன்,
கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு.
"தண்ணீர் வழிந்தால் ஓவர்ஃப்ளோட்.
ஓவர்ஃப்ளோன் என்பது வாத்துக்கு.
தலைக்கு மேலே பறந்து
கடந்துபோய்விட்டதற்கு."

முப்பத்தோரு வருஷம்
பள்ளத்தாக்கு வாரப்பத்திரிகையில் பிழை திருத்தியவர்.
காளை விலை, கல்யாணச் செய்தி,
தொலைந்த பூனை எல்லாம்
அவர் பென்சிலைத் தாண்டித்தான் ஊருக்குள் வந்தன.

மிதவை சரி. வாஷர்தான் தேய்ந்திருந்தது.
புதியது நான்கு பவுண்ட்.

கை கழுவ சமையலறைக்கு வந்தவள் பார்த்தாள்:
கெட்டிலில் சாய்த்துவைத்த
சவ அடக்க ஆராதனைத் தாள்.
வில்ஃப்ரெட் ஆம்ப்ளர், தேவாலய ஆர்கன் வாசிப்பவர்.
பாட்டு எண் ஒன்று திருத்தப்பட்டிருந்தது.
'அன்புக் கணவர்' என்ற இரண்டு சொற்களின் மேல்
பென்சிலால் ஒரு கோடு,
பிறகு அவற்றின் அடியில் வரிசையாகப் புள்ளிகள்.
அவளுக்கு அந்தக் குறி தெரியாது.
அச்சகத்தில் அதற்கு அர்த்தம்:
அடித்தது தவறு,
அப்படியே இருக்கட்டும்.

"பெயர்ச்சொல்லாகவும் வரும்" என்றார் அவர்,
அவள் எதுவும் கேட்காதபோதே.
"செவ்வாய்க்கிழமை காரை நிறுத்த இடமில்லை.
ஆட்டு மேய்ச்சல் நிலத்துக்குள் அம்பு போட்டிருந்தார்கள்,
ஓவர்ஃப்ளோ பார்க்கிங்.
தேவாலயத்திலும் இடமில்லை.
வாசலில் நின்ற பையன், நல்ல பையன்தான்,
'நீங்கள் குடும்பமா?' என்று கேட்டான்.
ஓவர்ஃப்ளோ அறை பக்கத்தில் இருந்தது.
ஞாயிறு பள்ளிக் குழந்தைகளின் நாற்காலிகள்.
முழங்கால் தாடையில் இடித்தது.
ஸ்பீக்கர் வழியாகக் கேட்டோம்,
நாங்கள் பதினாறு பேர், இரண்டு தள்ளுவண்டிக் குழந்தைகள்.
ஆர்கன் வாசித்தவன் கற்றுக்குட்டி.
வில்ஃப் கேட்டிருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பான்."

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.
டெஸ்ஸா குழாயைத் திறந்து
ஏற்கெனவே கழுவிய கையை மறுபடி கழுவினாள்.

"மூன்று நாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்களா?"
"படுக்கையறைக்குப் பின்சுவர்தானே."
"கூப்பிட்டிருக்கலாமே."
அவர் கெட்டிலை அடுப்பில் வைக்கப் போனார்.
தாளை முதலில் எங்கே நகர்த்துவது என்று
தெரியாமல் நின்றார்.

வெளியே சொட்டு நின்றிருந்தது.
வேனின் மூக்கில் வைத்து அவள் ரசீது எழுதும்போது
மலைமுகட்டைத் தாண்டி
கூட்டமாக வாத்துகள் இரைந்துகொண்டு போயின.
இருவரும் கழுத்து வலிக்கும்வரை பார்த்தார்கள்.

ரசீதில் காரணம் என்ற இடத்தில்
பழக்க தோஷம்,
'டேங்க் ஓவர்ஃப்ளோன்' என்றே எழுதியிருந்தாள்.
அவர் காதுமேலிருந்த பென்சிலை எடுத்தார்.
வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார்.
கையெழுத்து மட்டும் போட்டார்.

சக்கரத்தடிக் கல்லை எடுக்க மறந்து
அவள் வண்டியைக் கிளப்பியபோது
வேன் ஒரு குலுக்குக் குலுக்கி
அதன்மேல் ஏறி இறங்கியது.