உப்புப் பெட்டியின் சாவி

எல்லோருமே சுயேச்சைகள்தாம்.
மாவட்டத்தின் முப்பத்தோரு இடங்களில்
பதினெட்டுக்குப் போட்டியே இல்லை.
மனுப்போட்ட கையோடு ஜெயித்து
ஆட்டுக்கொட்டிலுக்குத் திரும்பிவிட்டார்கள்.
குட்டி போடும் பருவம்,
வெற்றிக்கெல்லாம் நேரமில்லை.

எங்கள் கும் த்ரைனெனுக்கு
இருபத்திரண்டு வருடம் கழித்து
ஓட்டுப்பெட்டி வந்தது.
பள்ளிக்கு விடுமுறை.
ஐந்து வயதுக்காரர்களின் நாற்காலியில்
முழங்கால் மோவாயில் இடிக்க
பெயர்ப்பட்டியலோடு உட்கார்ந்திருந்தேன்.
பென்சிலை நூலில் கட்டியிருந்தோம்.
இங்கே யாரும் திருடமாட்டார்கள்.
காதில் செருகிக்கொண்டு போய்விடுவார்கள்.

சீட்டில் மூன்று பெயர்.
பிரீஸ், கெய்ன்வென். சுயேச்சை.
பியூ, டட்னோ. சுயேச்சை.
பியூ, மெயூரிக். சுயேச்சை.

நின்றுபோன செவ்வாய்க்கிழமை பஸ்ஸுக்காக
கெய்ன்வென் நின்றாள்.
ஒரு கல்சுவர் நாலடி நகர்ந்த கோபத்தில்
அண்ணன் மகனை எதிர்த்து டட்னோ நின்றார்.
மெயூரிக் நின்றார்,
உட்காரச் சொல்லி யாரும் சொல்லாததால்.

ஏப்ரலில் ஒரு கட்சிக்காரர் வந்திருந்தார்.
டவுன் காலணி, கொட்டும் மழை.
வீட்டுக்கு வீடு தேநீர் கொடுத்தோம்.
ஏழாவது வீட்டில்
கழிப்பறை எங்கே என்று கேட்டாராம்.
"தங்கமான பையன்.
கட்சியை விட்டுவிட்டு வா, யோசிக்கிறோம்"
என்று கேக் பொட்டலத்தோடு அனுப்பிவைத்தார்கள்.
அப்புறம் அவரைக் காணோம்.

பத்து மணிவாக்கில் ஒருவர்
சீட்டைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு
உரக்கக் கேட்டார்:
"ஏணியைத் திருப்பித் தராதவன்
இதில் எந்தப் பியூ?"
நான் வாய் திறக்கக் கூடாது, சட்டம்.
பிள்ளைகள் சுவரில் ஒட்டியிருந்த
பஞ்சு செம்மறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இரண்டு பியூவும்தான்.

மெயூரிக் மத்தியானம் வந்தார்.
தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கி,
என்னவோ புது ஆளைப்போல
பெயரும் முகவரியும் சொன்னார்.
மறைப்புக்குப் பின்னால் வெகுநேரம்.
தனக்கே ஓட்டுப் போடுவது மரியாதையில்லை
என்று நினைக்கிற மனுஷன் என்பார்கள்.
எனக்குத் தெரியாது.
எனக்கும் ஓர் ஓட்டு இருந்தது,
அதையும் சொல்லமாட்டேன்.

இரவு பதினொன்றரைக்கு எண்ணி முடித்தார்கள்.
கெய்ன்வென் நூற்று நாற்பத்தாறு.
மெயூரிக் நூற்று நாற்பத்திரண்டு.
டட்னோவுக்குப் பத்தொன்பது.
அவர் வீட்டு ஓட்டே பதினொன்று,
மிச்சம் எட்டுப் பேர் யாரென்று
சந்தை நாள்களில் இன்னும் துப்புத்துலக்குகிறார்கள்.

மறுநாள் விடிகாலை
கெய்ன்வென் வீட்டு வாசலில் மெயூரிக்.
வாழ்த்து என்று எதுவும் சொல்லவில்லை.
கோணிச்சரடில் கோத்த ஒரு சாவியை நீட்டினார்.
மேட்டுவளைவில் இருக்கிறதே, மஞ்சள் உப்புப் பெட்டி,
அதன் சாவி.

உறைபனி நாளில் உப்புத் தூவ
கவுன்சில் லாரி வருகிறது என்றுதான்
நாங்கள் இத்தனை வருடம் நம்பியிருந்தோம்.
ஆற்றுப்பாலம் தாண்டி
அந்த லாரி ஏறியதே இல்லையாம்.
எந்தக் கோப்பிலும் இது கிடையாது.

"ஐந்து மணிக்கு முன்னால் போகணும்.
பால்வண்டி ஆறுக்கு.
மூடி உறைந்திருக்கும், வெந்நீர் எடுத்துக்கோ.
மண்வெட்டி உள்ளேயே இருக்கு,
அது என்னுடையது, பரவாயில்லை."
அவ்வளவுதான். திரும்பி நடந்தார்.

செவ்வாய்க்கிழமை பஸ் இன்னும் வரவில்லை.
பதினாறு கடிதம் எழுதிவிட்டாள்.
பதினேழாவதை எழுதும்போது
என்னிடம் தபால்தலை கடன் கேட்டாள்.

நவம்பரில் முதல் உறைபனி.
நான் போகும்போது
வளைவு முழுக்க உப்பு,
சில இடத்தில் அள்ளிக் கொட்டியதுபோல் அதிகம்,
கைப்பழக்கம் வரவில்லை.
வெள்ளையில் ஒரு சிறிய பூட்ஸ் தடம்
மேலே போய்க் கீழே வந்திருந்தது.
கூடவே, இரு பக்கமும் மாறி மாறி,
மெயூரிக் வீட்டு நாயின் தடம்.

அதற்கு யாரும்
முடிவைச் சொல்லவில்லை போலிருக்கிறது.