பதினேழாம் புழு

குளுகோர் மேட்டில் மழை.
மூன்றாம் மாடி ஆய்வுக்கூடத்தில்
நாற்பது கிண்ணம், நாற்பது புழு.
எல்லாம் வெட்டுப்புழு, ஒரே தாயின் முட்டை.
நான் அவற்றுக்குச் சமைத்துப் போடுகிறவள்.

முட்டைகோஸ் இலையைக் காசு அளவுக்கு வட்டமாக நறுக்கி
பாதிக்கு வெறும் ஆல்கஹால் தடவுவேன்,
பாதிக்கு மிளகுச் சாறு.
காய்ந்ததும் பரிமாறுவேன்.
இரவு பத்து மணிக்கு
விருந்தாளிகளை ஒவ்வொருவராகத் தராசில் ஏற்றுவேன்.

மிளகு பாலிக் புலாவ் லியோங் தோட்டத்திலிருந்து வரும்,
ஜாதிக்காய் மரத்தில் படரவிட்ட கொடி.
கூடவே ஒரு கட்டு காட்டு வெற்றிலை,
சந்தையில் காடோக் என்று கேட்டால் கொடுப்பார்களே, அது.
வெற்றிலை மட்டும் செய்யது மஸ்தான் கடையில், கவுளிக் கணக்கில்.
மூன்றும் ஒரு குடும்பம்.
முகஜாடையே காட்டிக்கொடுக்கும்:
நெஞ்சு வடிவ இலை, கணுக்கணுவாய்த் தண்டு,
எலிவால் போலப் பூங்கதிர்,
கசக்கினால் உடனே பேசிவிடும் குணம்.

வெற்றிலையிடம் பூஞ்சையை விரட்டும் எண்ணெய்.
மிளகிடம் பைப்பரின்.
வடித்து, சுண்டவைத்து, குளிரில் வைத்தால்
வெளிர்மஞ்சள் ஊசிகளாக
குடுவையின் அடியில் முளைக்கும்.
முதல்முறை பார்த்தபோது நினைத்தேன்,
கோபத்துக்கு இவ்வளவு ஒழுங்கான கையெழுத்தா?

பத்து மிளகு இருந்தால்
பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்பார்கள்.
கொடியின் பக்கம் நின்று
யாரும் அதைச் சொல்லிப் பார்த்ததில்லை.
கொடிக்கு நாம்தானே பகைவன் வீடு?
தின்னாதே என்று அது காய்க்குள் எழுதிவைத்ததை
வெண்பொங்கலில் நெய்யோடு கடித்து
இன்னும் கொஞ்சம் போடு என்கிறோம்.

சாறு தடவிய இலைக்கு வந்த இருபதும்
முதல் இரவு ஓரத்தைக் கடித்துவிட்டு விலகின.
மூன்றாம் இரவு இளைத்துக் கறுத்தன.
ஐந்தாம் நாள் இடுக்கியால் எடுத்து
பத்தொன்பதைப் புட்டியில் போட்டேன்.

பதினேழு மட்டும் தின்றது.
மெதுவாக,
கஷாயம் குடிக்கிற பிள்ளை மாதிரி தலையை ஆட்டி ஆட்டி,
ஆனால் தின்றது.
நூற்றுப்பன்னிரண்டு மில்லிகிராம்.
மறுநாள் நூற்றிருபத்தொன்பது.

டாக்டர் ரொஹானா அட்டவணையைப் பார்த்தார்.
"பதினேழை எடுத்துவிடு, ருக்மா.
கிண்ணம் மாறியிருக்கும்.
எடுத்தால் கோடு அழகாக விழும்."
கெட்டவர் இல்லை. என் அப்பாவின் ஆபரேஷனுக்கு
கேட்காமலே பணம் தந்தவர்.
நிதி அறிக்கைக்கு வெள்ளிக்கிழமை கெடு.
என் ஒப்பந்தத்துக்கும் வெள்ளிக்கிழமைதான்.

எடுத்துவிட்டேன்.
ஒரு வரிசையை அழிக்க
ஒரே ஒரு விரல் போதும்.

பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது
சட்டைப்பையில் ஒரு மிளகு தட்டுப்பட்டது,
லியோங் மூட்டையிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கும்.
வாயில் போட்டு ஒதுக்கினேன்.
ஒன்றுமில்லை. சுருங்கிய கூழாங்கல்.
இரண்டு பேருந்து போயின, ஒன்றுமில்லை.
கடிக்காதவரை அது யாரிடமும் எதுவும் சொல்லாது.

கடித்தேன்.

மூக்கு, காது, கண்ணின் ஓரம்.
எதிரே நின்ற சீனப் பாட்டி குடையைச் சாய்த்து
அழுகிறேன் என்று நினைத்தாள்.
இல்லை என்று சொல்ல வாய் திறந்தால் இருமல்.

மறுபடி மூன்று மாடி.
காவலர் துரைசிங்கம் என்ன மறந்தீங்க என்றார்.
ஒரு எண் என்றேன்.

விளக்கைப் போட்டதும் பதினேழு
தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு
மறுபடி குனிந்துகொண்டது.
கிண்ணம் மாறவில்லை, என் மூடியில் என் மசி.
எப்படித் தாங்குகிறது என்று எனக்குத் தெரியாது,
தெரியாது என்றே குறிப்பில் எழுதினேன்.
வரிசையைத் திரும்ப உள்ளே வைத்தேன்.
கோடு வளைந்தது.

இலையில் பாதி ஓட்டை.
கிண்ணத்தின் அடியில்
கறுப்பாக, உருண்டையாக அதன் எச்சம்,
யாரோ மிளகை உடைத்துத் தூவியது போல.