வேலந்தாவளம் எடைமேடை

இரண்டேகால் மணிக்கு மேடையேறியது
நீமச்சிலிருந்து வந்த லாரி.
வாளையாரில் நெரிசலாம், சுற்றி வந்ததாம்.
தார்ப்பாயைத் தாண்டி அடித்தது வாசனை:
நனைந்த குதிரை, பழைய மண்.
கேட்காமலே தெரிந்தது எனக்கு.
முப்பத்தோரு நாளாய்
என் தம்ளரின் அடியில் படிவது இதுதான்.

கொழிஞ்சாம்பாறை ரமணி டாக்டர்
தைராய்டு உண்டா, வேறு மாத்திரை உண்டா
எல்லாம் விசாரித்துவிட்டு எழுதிக் கொடுத்தார்:
ஐந்து கிராம், சூடான பால், ஒரு மண்டலம்.
"முடங்காதெ கழிக்கணும்."
அவர் பாஷையில் கழிப்பது என்றால் சாப்பிடுவது.
என் தொழிலில் கழிப்பது
மொத்தத்திலிருந்து வண்டியை.

மொத்தம் இருபத்து நான்காயிரத்து எண்ணூற்று அறுபது.
வண்டி எட்டாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு.
மீதி பதினாறு டன் அமுக்கராங்கிழங்கு,
திருச்சூர்ப் பக்கம் ஏதோ மருந்துசாலைக்கு.
சும்மா இருக்கத் தெரியாத விரல்
அதை ஐந்து கிராமால் வகுத்துப் பார்த்தது.
மண், தூசு, சாக்கு எல்லாம் போனாலும்
முப்பது லட்சம் வேளை.

முப்பது லட்சம் படுக்கை.
தலையணையைத் திருப்பிப் போட்டு
குளிர்ந்த பக்கத்தில் கன்னம் வைத்து
தவணைத் தேதியை, ஸ்கேன் ரிப்போர்ட்டை,
மகன் எடுக்காத போனை
இருட்டில் திரும்பத் திரும்ப வாசிக்கிறவர்கள்.
இத்தனை பேரா விழித்துக் கிடக்கிறோம்?
யாராவது ஒருத்தர் விளக்கைப் போட்டிருக்கலாம்.

டிரைவர் செங்கோடன், சங்ககிரிக்காரர்.
நாலு நாளாய் ஓட்டுகிறாராம், கண்ணில் மிளகாய்ச் சிவப்பு.
"இதையெல்லாமா காசு குடுத்துத் திங்கறாங்க?" என்றார்
ரசீதை மடித்தபடி.
நான் பதில் யோசிப்பதற்குள்
வண்டியை ஓரங்கட்டி, புங்கமரத்தடியில்
துண்டை விரித்துச் சாய்ந்தார்.
அவ்வளவுதான்.
கொசு, ஹாரன், செக்போஸ்ட் விசில்
ஒன்றும் அவரிடம் போய்ச் சேரவில்லை.
பொறாமைதான். மறைப்பானேன்.

மூன்று மணிக்கு மேடை காலி.
செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் போய் நின்றேன்.
இரும்பு சில்லென்றது.
சுவரில் சிவப்பு எண் கொஞ்சம் தயங்கி
ஐம்பது என்றது.
நான் ஐம்பத்து நான்கு.
பத்துப் பத்தாகத்தான் எண்ணும் இந்த மேடை,
லாரிகளுக்காகச் செய்தது.

கணக்கில் ஏறாத நாலு கிலோவோடு
உள்ளே வந்து உட்கார்ந்தேன்.
ஆறு மணிக்கு ஷிப்ட் முடியும்.
ஆறேகாலுக்குப் பால் காயும்.
சாலைக்கு அந்தப் பக்கம் அதற்கு உறக்கம் என்று பெயர்,
இந்தப் பக்கம் தூக்கம்.
எந்தப் பேரில் வந்தாலும் சரி,
முப்பத்திரண்டாம் நாளுக்கு
ஸ்பூனைக் கழுவி வைத்திருக்கிறேன்.