இடது கை மை

தொடக்கநிலை ஐந்துக்கு வந்ததும்
பென்சில் போய்ப் பேனா வந்தது.
பேனா வந்ததும் என் இடது கை
ஓரமெல்லாம் நீலம்.
எழுத எழுத, எழுதியதையே
துடைத்துக்கொண்டு போகும்.
"மாதங்கி, இது கட்டுரையா, கடலா?"
கேட்டார் திருமதி செண்பகவல்லி.

ஈசூன் நூலகத்தில், குளிர்சாதனத்துக்கு நேர் கீழே
ஒரு தடிப் புத்தகம்.
அதற்குள் ஒருவர்.
ஐந்நூறு ஆண்டுக்கும் முன்னால்
வின்சி என்னும் ஊரில் பிறந்தவர்.
அவருக்கும் இடது கை!
வலமிருந்து இடமாக,
எழுத்தெல்லாம் முதுகு காட்ட
எழுதி எழுதிக் குவித்திருக்கிறார்.

எப்போதும் கேள்விதான் லியனார்டோவுக்கு.
வானம் ஏன் நீலம்?
மரங்கொத்தியின் நாக்கு எப்படி இருக்கும்?
(எங்கள் புளோக் அருகிலும் ஒரு மரங்கொத்தி உண்டு.
நாக்கைக் காட்டு என்றேன். பறந்துவிட்டது.)
சிறகு வரைந்தார், பாலம் வரைந்தார்,
சுழன்றேறும் இயந்திரம் வரைந்தார்.
பாதிப் படத்தை அப்படியே விட்டுவிட்டு
வேறொன்றைத் தொடங்கிவிடுவார்.
காசு கொடுத்தவர்கள்
காத்துக் காத்து அலுத்தார்கள்.
கூண்டுப் பறவைகளை விலைக்கு வாங்கித்
திறந்துவிடுவாராம்.

நானும் காகிதத்தில் ஒரு சுழலி செய்தேன்.
பதினோராம் மாடியிலிருந்து எதையும் எறியக்கூடாது,
அபராதம்!
அதனால் கீழ்த்தளத்தில்,
கல்மேசைமேல் ஏறி நின்று விட்டேன்.
சுழலவில்லை.
பொத்தென்று விழுந்தது
ஷர்வினின் மைலோவுக்குள்.
அவர் செய்ததும் பறக்கவில்லை போலிருக்கிறது.
அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படித்தேன்.

பிறகு முதுகு காட்டும் எழுத்தில் இறங்கினேன்.
மை அப்பவே இல்லை.
'ழு'தான் தொல்லை,
வாலை எந்தப் பக்கம் சுழிப்பது?
அதற்கே மூன்று நாள்.

வெள்ளிக்கிழமை. எட்டு அஞ்சு நாலு பேருந்து.
ஓட்டுநர் என் அம்மா.
வண்டியில் அம்மாவோடு பேசக்கூடாது,
அது அம்மாவின் சட்டம்.
இறங்கினேன். கதவு மூடியது.
நிறுத்தத்தின் பின்கோடிக்கு ஓடி,
அம்மாவின் பக்கக் கண்ணாடிக்கு நேராகக்
காகிதத்தைத் தூக்கிப் பிடித்தேன்.
நிறுத்தத்தில் நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.
கண்ணாடிக்குப் புரியும்:

'கணக்கில் நாற்பத்தேழு.
வீட்டில் பேசலாம்.'

பேருந்து கொஞ்ச நேரம் நகரவில்லை.

நிறுத்தத்தை விட்டுக் கிளம்பும் பேருந்து
வலப்பக்கம்தான் விளக்குப் போட வேண்டும்.
அது
இடப்பக்கம் சிமிட்டியது,
மூன்று தரம்.
பிறகுதான் வலப்பக்கம்.